மூன்று முத்திரை வாங்கிய தாள்

சில நிமிடங்களில் வாசித்து முடித்துவிடக்கூடிய செய்திதான் அந்தத் தாளில் இருந்தது. 1940-இன் கோடையில், பெர்லினின் அட்லான் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஓர் அமெரிக்கர் அதைத் தட்டச்சு செய்தார். நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு அவர் அதை மைக் முன்னால் வாசிக்க வேண்டும். அப்போது நியூயார்க்கில் மாலை ஆறே முக்கால். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் வானொலிப் பெட்டியைத் திருப்பும் நேரம். அவர் பெயர் வில்லியம் ஷைரர், சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் பெர்லின் நிருபர். தட்டச்சுப் பொறியிலிருந்து உருவிய கணத்திலேயே அந்தத் தாள் அவருடையதாக இருப்பது முடிந்துபோகும். மைக்கைச் சேருவதற்குள் அது மூன்று அலுவலகங்களின் ஒப்புதலை வாங்கியாக வேண்டும்.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷைரர் 1904-இல் சிகாகோவில் பிறந்தவர். ஐயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் என்னும் நகரத்தில் வளர்ந்தவர். சிகாகோ டிரிபியூன் பத்திரிகைக்காக ஐரோப்பா முழுக்க அலைந்தார். உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டைக் கிளப்பியிருந்த காலத்தில் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளோடு நெருங்கிப் பழகினார். பின்னாளில் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1932-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. 1937-இல் சிபிஎஸ்ஸின் எட்வர்ட் மர்ரோ அவரை வானொலிக்கு இழுத்தார். குரலைச் சோதித்துக் கேட்ட நியூயார்க் அதிகாரிகளுக்குத் திருப்தியில்லை; தட்டையான, மெல்லிய குரல். மர்ரோ விடவில்லை. நல்ல குரல் கிடைத்துவிடும், நடப்பதைப் புரிந்துகொள்ளும் மனிதர் கிடைப்பது கடினம் என்பது அவர் எண்ணம். அந்தத் தட்டைக் குரல் பிற்பாடு எதற்கெல்லாம் பயன்படப் போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

1939 செப்டம்பர் 1 அன்று போலந்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் வானொலிக்கு முன்தணிக்கை வந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெர்லினிலிருந்த வெளிநாட்டுப் பத்திரிகை நிருபர்களுக்கு முன்தணிக்கை கிடையாது. அவர்கள் எழுதியதைத் தொலைபேசியிலோ தந்தியிலோ அனுப்பலாம். பிடிக்காததை எழுதினால் பிறகு நாட்டை விட்டுத் துரத்துவார்கள். ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையில் உறவு கசக்கிறது என்று எழுதியதற்காக நியூயார்க் ஹெரால்டு டிரிபியூனின் ரால்ஃப் பார்ன்ஸ் 1940 ஜூனில் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். அந்த பயம் ஒவ்வொரு நிருபரின் மேசையிலும் உட்கார்ந்திருந்தது. வானொலிக்காரரிடம் மட்டும் பயத்தை நம்பி விட்டுவைக்க முடியாது. பத்திரிகையில் வந்தது மறுநாள்தான் வாசகரைச் சேரும். அதற்குள் மறுப்பு வெளியிடலாம். காற்றில் ஏறிய சொல் அந்த நொடியிலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்விடும். அதனால் வாய்க்கு வருமுன்பே, தாளிலேயே அதை நிறுத்தியாக வேண்டியிருந்தது.

அப்படியானால் ஓர் அமெரிக்கருக்கு நாஜிகள் தங்கள் சொந்தச் சிற்றலைப் பரப்பியை ஏன் திறந்துவிட்டார்கள்? தங்கள் மக்கள் வெளிநாட்டு வானொலி கேட்பதைப் போரின் முதல் நாளிலேயே குற்றமாக்கியவர்கள் அவர்கள். கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனைவரை போகும். ஆனால் அமெரிக்கா போருக்குள் வராமல் இருப்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் ஆட்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு பேசினாலும் ஐயோவா விவசாயி நம்பப் போவதில்லை. அவர் ஊர்க்காரர் ஒருவர், அவருக்குப் பழகிய உச்சரிப்பில், பெர்லினிலிருந்து நிதானமாகப் பேசினால் நம்புவார். அந்த நம்பிக்கைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தணிக்கைக்குள்ளான அமெரிக்கக் குரல் என்பது, என் கணிப்பில், அவர்கள் கையிலிருந்த பிரச்சாரக் கருவிகளிலேயே விலை அதிகமானது. இந்தத் தாளின் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் உயிரைக் கொடுத்து எழுதுகிறார். அவருடைய நேர்மையைத்தான் எதிரில் இருப்பவர்கள் முதலாகப் போடுகிறார்கள்.

இருட்டடிப்பு நகரத்தில், தெருவிளக்கு ஒன்றுகூட எரியாத இரவில், தாள் அட்லானிலிருந்து மேற்கே கிளம்பும். மசூரன் அல்லேயில் இருந்தது வானொலி மாளிகை. ஹான்ஸ் பொயல்சிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1931-இல் திறக்கப்பட்ட பெரிய கட்டடம். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே எழுந்தது. அங்கேதான் மூவர் காத்திருப்பார்கள். ஒருவர் பிரச்சார அமைச்சகத்தின் ஆள், ஒருவர் வெளியுறவு அமைச்சகத்தின் ஆள், மூன்றாமவர் ராணுவத் தலைமையகத்தின் அதிகாரி. மூவருக்கும் மூன்று விதமான கவலை. ராணுவக்காரருக்குத் துருப்பு எங்கே நகர்கிறது என்பது வெளியே போகக் கூடாது. மற்றதில் ஓரளவு விட்டுக்கொடுப்பார். வெளியுறவுக்காரர் எந்த நாட்டின் மனம் புண்படும் என்று பார்ப்பார். பிரச்சார அமைச்சகத்தின் ஆள்தான் கடினமானவர். அவர் தேடியது ரகசியத்தை அல்ல, மனோபாவத்தை.

ஒரு வரி அடிபடும். ஒரு பத்தி போகும். சில நாள் பாதித் தாளே போய்விடும். ஷைரர் வாதாடுவார், கெஞ்சுவார், வேறு சொல் போட்டுப் பார்ப்பார். கடிகாரம் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கும். ஒலிபரப்பு நேரம் தள்ளிப்போகாது என்பதைத் தணிக்கையாளர்களும் நன்றாக அறிவார்கள். 1940 இலையுதிர் காலத்துக்குள் சொற்களுக்கே தடை வந்துவிட்டது. ‘நாஜி’ என்று சொல்லக் கூடாது; அமெரிக்கக் காதில் அது கெட்ட சொல்லாக ஒலிக்கிறதாம், ‘தேசிய சோஷலிஸ்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். நார்வேயிலும் பெல்ஜியத்திலும் நடந்ததைப் ‘படையெடுப்பு’ என்று சொல்லக் கூடாது. போலந்துமீது பாய்ந்ததை ‘எதிர்த்தாக்குதல்’ என்று பெயரிட்டு முதல் நாளே ஆரம்பித்து வைத்தார்கள். ஓராண்டில் அது ஒரு முழு அகராதியாகிவிட்டது.

தாள் இளைத்துக்கொண்டே போனது. ஆனால் தாளுக்கு வெளியே ஷைரரிடம் ஒன்று மிச்சமிருந்தது. எழுத்தை அடிக்கலாம், குரலை எந்தச் சிவப்புப் பென்சிலால் அடிப்பது? ஒரு அரசு அறிக்கையை வாசிக்கும்போது இயல்பைவிட ஒரு கணம் கூடுதலாக நிறுத்துவார். ஒரு சொல்லில் சற்றே ஏற்றம் வைப்பார். பொய்யான இரண்டு அறிவிப்புகளை, ஒரு விளக்கமும் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். கேட்பவர் தானே கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும். அந்தத் தணிக்கையாளர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் ஆங்கிலம் படித்தவர்கள். அமெரிக்கத் தெருப்பேச்சு அவர்களுக்குப் பிடிபடாது. அதனால் ஒரு கொச்சைத் தொடரை நடுவில் நுழைப்பார். தாளில் அது சாதுவாகப் படுத்திருக்கும், ஓஹையோவில் ஒரு சமையலறையில் அது எழுந்து நிற்கும். அழகான கணீர்க்குரல்காரர் ஒருவர் இதைச் செய்திருந்தால் நடிப்பாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. தட்டையான குரலில்தான் சிறிய நெளிவும் கேட்கும்.

முத்திரை விழுந்த தாளை எடுத்துக்கொண்டு அவர் பிரதானக் கட்டடத்திலிருந்து வெளியே வர வேண்டும். சிற்றலை ஒலிபரப்புக்கான ஸ்டூடியோ வளாகத்துக்குள் தனியாக, தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகையில் இருந்தது. ஒற்றைக் கண்ணோடு அந்த இருட்டில் தட்டுத்தடுமாறிப் போவார். 1940 ஆகஸ்ட் 25 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினுக்கு வந்தன. குண்டு விழவே விழாது என்று நம்பவைக்கப்பட்டிருந்த நகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பல இரவுகளில் விமான எதிர்ப்பு பீரங்கிகள் முழங்க, சிதறிய உலோகத் துண்டுகள் அந்தத் தகரக்கூரையில் ஆலங்கட்டியாகக் கொட்ட, உள்ளே ஷைரர் பேசினார். தலைக்கு மேல் நடப்பதைத் தாளில் எழுத முடியாது. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சொல்வதற்குத் தடை. ஆனால் பீரங்கிச் சத்தம் மைக் வழியே தானாகப் போகுமே! அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். உதட்டோடு ஒட்டி வைத்துப் பேசும் மைக்கைக் கொடுத்தார்கள். வாயருகில் வரும் ஒலியை மட்டுமே அது வாங்கும். நகரம் அதிர்வது அட்லாண்டிக்கைத் தாண்டாது. சொல்லைத் தணிக்கை செய்தவர்கள் ஓசையையும் தணிக்கை செய்தார்கள். இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று ஒருபக்கம் திகைப்பாக இருக்கிறது. சத்தத்தைக் கண்டே பயந்த ஆட்சி அது என்பதும் அதே நேரத்தில் தெரிகிறது.

ஸ்டூடியோவிலும் தாள் தனியாக இல்லை. கண்காணிப்பவர் ஒருவர் அதே உரையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பின்தொடர்வார். எழுதியதை விட்டு விலகினால் இணைப்பு துண்டிக்கப்படும். ஷைரர் வாசித்து முடித்ததும் தாளின் வேலை முடிந்தது. குரலின் பயணம் ஆரம்பமாயிற்று. பெர்லினுக்குத் தென்கிழக்கே ட்ஸேசன் என்ற கிராமத்தில் நின்ற சிற்றலைக் கோபுரங்கள் அதை வானில் எறிந்தன. கடல் கடந்து, அமெரிக்கக் கரையில் பிடித்து, தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கின் 485 மாடிசன் அவென்யூவிலிருந்த சிபிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நாடு முழுக்க உள்ள நிலையங்களுக்குப் பிரித்தார்கள். வானிலை கெட்டால் எதுவும் போய்ச் சேராது. எல்லா முத்திரையும் வாங்கி, எல்லாச் சொல்லையும் இழந்து, கடைசியில் இரைச்சலில் கரைந்துபோன இரவுகளும் இருந்தன.

அங்கே போய்ச் சேர்ந்தது அங்கேயே நிற்கவும் இல்லை. வாஷிங்டனிலிருந்த ஜெர்மன் தூதரகமும் அமெரிக்கா எங்கும் பரவியிருந்த அவர்களுடைய ஆட்களும் அந்த ஒலிபரப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் உங்களை ஏமாற்றுகிறார், குரலில் கேலி தெரிகிறது என்று பெர்லினுக்கு அறிக்கை திரும்பி வந்தது. விளைவு, மேசையில் ஆள் மாறினார். புதிதாக வந்த தணிக்கையாளர்களில் ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். இன்னொருவர் பல ஆண்டுகள் வால் ஸ்ட்ரீட் வங்கி ஒன்றில் பங்குதாரராக இருந்தவர். அமெரிக்கப் பேச்சு ஷைரருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவர்களுக்கும் தெரியும். கொச்சைத்தொடர் இனி தாளிலேயே மாட்டிக்கொள்ளும்.

நடுவில் ஒருமுறை, பூட்டுகள் எல்லாம் தாமாகத் திறந்துகொண்டன. 1940 ஜூன் 22. பிரான்சின் கோம்பியேன் காட்டில், 1918-இல் ஜெர்மனி தோற்றுக் கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியை, அருங்காட்சியகத்தின் சுவரை இடித்து வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். பிரான்ஸ் அதில் உட்கார்ந்து போர்நிறுத்தத்தில் கையெழுத்திட வேண்டும். அது ஹிட்லரின் ஆசை. செய்தி முதலில் பெர்லினிலிருந்துதான் வெளியாக வேண்டும் என்பதும் அவர் கட்டளை. வெளிநாட்டு நிருபர்கள் பலரை அதற்காகவே பெர்லினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஷைரர் போகவில்லை. மாலை 6.50-க்குக் கையெழுத்தானது. ஷைரரும், இன்னொரு அமெரிக்க வானொலி நிறுவனமான என்பிசியின் வில்லியம் கெர்க்கரும், காட்டோரம் நிறுத்தியிருந்த ராணுவத் தொடர்பு வண்டிக்கு அருகில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பெர்லினில் அதை வட்டில் பதிந்து வைத்து, ஹிட்லரின் அறிவிப்பு வந்த பிறகு அனுப்புவதுதான் ஏற்பாடு. தொழில்நுட்பப் பிரிவில் எங்கோ ஒரு இணைப்பு தவறிப்போயிற்று. பேச்சு பதிவுக்குப் போகாமல் நேராகப் பரப்பிக்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும் பாய்ந்தது. பெர்லின் வாய்திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே அமெரிக்கா கேட்டுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்களுக்கே அது தெரியாது. அந்தப் போரின் மாபெரும் செய்திகளில் ஒன்று இப்படி வெளியானது.

இங்கிலாந்தில் தணிக்கை இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. லண்டனிலிருந்து பேசிய மர்ரோவின் தாளும் தகவல் அமைச்சகத்தின் மேசை வழியாகத்தான் போனது. பிபிசி ஒலிபரப்பு மாளிகையின் நிலவறை ஸ்டூடியோவில் அவருக்கு எதிரிலும் ஒரு தணிக்கையாளர் விசையில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார். குண்டு எங்கே விழுந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த விமானம் குறியைத் திருத்திக்கொள்ளும். மொட்டைமாடியில் நின்று, தாள் இல்லாமல், கண்ணால் கண்டதை நேரடியாகச் சொல்ல மர்ரோ அனுமதி கேட்டபோது மறுத்தார்கள். பல இரவுகள் சோதனைப் பதிவு செய்து காட்ட வேண்டியிருந்தது. கடைசியில், 1940 செப்டம்பரில், அனுமதி கிடைத்தது. லண்டனின் வானத்தில் வெடிக்கும் ஓசையை அமெரிக்கா கேட்டது. பிரிட்டிஷ் தணிக்கையும் நியாயமில்லாமல் நடந்துகொண்ட தருணங்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதே மாதத்தில் ஒரு நகரம் மைக்கை மொட்டைமாடிக்கு ஏற்றியது, மற்றொரு நகரம் மைக்கை உதட்டோடு ஒட்டி ஊரின் ஓசையை அடைத்தது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க என் மனம் ஒப்பவில்லை. லண்டனில் எதிரிக்கு உதவும் தகவலைத் தடுத்தார்கள். பெர்லினில் கேட்பவர் என்ன உணர வேண்டும் என்பதையே எழுதப் பார்த்தார்கள்.

இலையுதிர் காலம் வந்தபோது ஷைரர் ஒரு முடிவின் விளிம்பில் இருந்தார். அதிகாரபூர்வ அறிக்கைகளை அப்படியே வாசிப்பது ஒன்றுதான் மிச்சமாகத் தெரிந்தது. அதற்கு நிருபர் எதற்கு? பேச இடம் கிடைத்தால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பாதி உண்மையாவது போய்ச் சேரட்டும் என்று வாதாடுபவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்த வாதத்தில் அர்த்தம் இருந்தது, குரலுக்கு ஓர் இடைவெளி இருந்தவரைக்கும். அது மூடப்பட்ட பிறகும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அமெரிக்க வீடுகளில் தன்மேல் இருந்த நம்பிக்கையைப் பெர்லினுக்குக் குத்தகைக்கு விட்டதாகவே ஆகும். ஷைரர் அதைப் புரிந்துகொண்டார். கூடவே ஒரு நண்பர் எச்சரித்தார்: ஒலிபரப்புகளில் சங்கேதச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி அவர்மேல் உளவு வழக்கு ஜோடிக்க ரகசியப் போலீஸான கெஸ்டபோ தயாராகிக்கொண்டிருந்தது. இருந்தால் நாக்கை விற்க வேண்டும், இல்லையென்றால் தலையைக் கொடுக்க வேண்டும் என்னும் நிலை.

கிளம்புவதில் ஒரு சிக்கல். இத்தனை ஆண்டுகளாக, தாளில் அடிபட்டதையும் தாளில் எழுதவே முடியாததையும் அவர் இரவுதோறும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். யார் என்ன சொன்னார்கள், தெருவில் மக்கள் முகம் எப்படி இருந்தது, எந்த அறிக்கை எப்போது பொய்யானது, எல்லாம் அதில். சோதனையில் அது சிக்கினால் அவர் மட்டுமல்ல, நம்பிப் பேசிய ஜெர்மானியர்களும் தொலைந்தார்கள். எரித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்.

அப்போது உதவிக்கு வந்தவை அந்தத் தாள்களேதான். இரும்புப் பெட்டிகளின் அடியில் நாட்குறிப்பை வைத்தார். அதன்மேல் பழைய ஒலிபரப்புத் தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் ராணுவத் தணிக்கை, அமைச்சகத் தணிக்கை முத்திரைகள். எல்லாவற்றுக்கும் மேலே, ராணுவ நண்பர்களிடமிருந்து வாங்கிய சில வரைபடங்களை வைத்தார். பிறகு தானே கெஸ்டபோவை அழைத்து, பெட்டிகளைப் பார்த்து முத்திரையிட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். அதிகாரிகள் திறந்ததும் வரைபடங்கள் கண்ணில் பட்டன. அதட்டினார்கள்; ஷைரர் மன்னிப்புக் கேட்டார்; பறிமுதல் செய்தார்கள். ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்ட நிறைவு அவர்களுக்கு. அடுத்த அடுக்கில் தங்கள் அரசாங்கத்தின் முத்திரைகளையே பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். அதற்குக் கீழே போக அவர்களுக்குத் தோன்றவில்லை. பெட்டிகளை மூடி கெஸ்டபோவின் முத்திரையைப் போட்டுக் கொடுத்தார்கள். 1940 டிசம்பர் 5 அன்று டெம்பெல்ஹாஃப் விமான நிலையத்தில் அந்தப் பெட்டிகளை யாரும் திறக்கவில்லை.

டிசம்பர் 13 அன்று லிஸ்பன் துறைமுகத்தில் மர்ரோ வழியனுப்ப, தாள்களும் நாட்குறிப்பும் கப்பலேறின. 1941 ஜூனில் ‘பெர்லின் டைரி’ வெளியாகி அமெரிக்கா முழுக்க விற்றது. அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கியிருக்கவில்லை. முத்திரை வாங்கிய தாளில் ஓராண்டுக்கும் மேலாகச் சொல்ல முடியாதது, முத்திரை இல்லாத தாளிலிருந்து அச்சேறியது. ஷைரரின் நாற்காலியில் ஹாரி ஃபிளானரியும், பிறகு ஹோவர்டு கே. ஸ்மித்தும் உட்கார்ந்தார்கள். பிடி இறுகிக்கொண்டே போய், 1941 டிசம்பர் தொடக்கத்தில் ஸ்மித் ரயிலில் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்ததோடு அந்த நாற்காலி காலியானது.

ஷைரரின் காகிதங்கள் இன்று அவர் வளர்ந்த சீடர் ராப்பிட்ஸில், அவர் படித்த கோ கல்லூரியில் இருக்கின்றன. ஒலிபரப்பு உரைகளை அவர் மகள் தொகுத்து 1999-இல் புத்தகமாக்கினார். குரலும் முற்றாக அழிந்துவிடவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகரின் கைரோ நிலையத்தார், நேர வேறுபாடு காரணமாக சிபிஎஸ் செய்திகளை வட்டுகளில் பதிந்து வைத்துத் தாமதமாக ஒலிபரப்பினார்கள். மறந்துபோய்க் கிடந்த அந்த வட்டுகளை 1950-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைலோ ரயன் மீட்டெடுத்துப் பட்டியலிட்டார். பெர்லினிலிருந்து ஷைரர் பேசியவையும் அவற்றில் இருக்கின்றன. அச்சான உரையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்பவர்கள், எந்தச் சொல்லுக்கு முன்னால் அவர் நிறுத்தினார், எங்கே குரலை ஏற்றினார் என்று இன்றைக்கும் வரிவரியாகப் பின்தொடரலாம்.